வானியல் அறிஞர் சிந்தாமணி இரகுநாதாசாரியார்

ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் அறிவியல் வளர்த்த பெருமக்களைக் குறித்துப் பேசுவோர் போக்சன் முதலிய ஐரோப்பியர் பெயர்களையே பெரிதும் சொல்வர். அவருடன் இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களை அளந்த நம் நாட்டவர் ஒருவர் உண்டு. அவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். வானியல் வரலாற்றில் அவர்தம் பெயர் நிலைபெற்றிருப்பினும், நம் மாணவர் பலரும் அதனைக் கேட்டறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

நம் மீஞ்சூரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள நுங்கம்பாக்கத்தில், 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தனர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்த இரகுநாதாசாரியார் இளமையிலேயே அங்குப் பணியிற் சேர்ந்து, முதல் உதவியாளர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். மரபுவழிக் கணிதம் வீட்டிலும், மேலை நாட்டுத் தொலைநோக்கி பணியிடத்திலும் வாய்த்தமையே அவர் வாழ்வின் தனிச்சிறப்பு. ஒன்றைப் பெற்றதும் மற்றொன்றை அவர் எறிந்துவிடவில்லை.

1861இல் நார்மன் இராபர்ட் போக்சன் நிலையத்தின் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஏப்ரல் திங்களிலேயே, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் ஞாயிற்றைச் சுற்றிவரும் குறுங்கோள் ஒன்றை அவர் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் குறுங்கோள் ஆதலின் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டனர். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் குறுக்களவுள்ள அப்பாறை, ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. 1866இல் சென்னையிலிருந்து போக்சன் கண்ட ‘சில்வியா’வுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டென்பது நம் காலத்தில், 2001இலும் 2004இலும்தான் தெரியவந்தது. இத்தகைய கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படை, விண்மீன்களின் இடங்களைப் பிழையறக் குறித்த பட்டியல். அசையாத மீன்கள் இன்னவை எனத் தெரிந்தாலன்றோ அசையும் கோள் புலப்படும்! அப்பட்டியற் பணிக்கு ஆசாரியார் எடுத்த அளவைகள் பல்லாயிரம்.

1867ஆம் ஆண்டு சனவரியில் அவர் தாமே ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். தென்வானின் அடியில் ‘ரெட்டிகுலம்’ என்னும் மண்டலத்து விண்மீன் ஒன்று ஒளியிற் கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டார். சென்னையில் அம்மீன் தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 14 பாகையே எழும். அவ்விடத்து மூட்டத்திலும் அதன் மாற்றத்தை உணர்ந்தமை கூரிய நோக்கிற்குச் சான்று. அம்மீன் மங்கி மீண்டும் பொலிவுற 280 நாள் அளவு ஆகும். மறு ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, போக்சன் மசூலிப்பட்டினம் செல்ல, ஆசாரியார் நிசாம் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்குச் சென்று நோக்கினார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

எனினும் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நிகழ்ச்சியை ஒட்டி அவர் ஆற்றிய தொண்டாகும். அன்று காலை வெள்ளிக்கோள், ஒரு சிறு கரும்புள்ளியாக, ஞாயிற்றின் முகத்தை ஏறத்தாழ நான்கரை மணி நேரத்திற்கு மேல் கடந்து சென்றது. ஞாயிற்றுக்கும் நமக்கும் இடையே வரும் கோள்கள் புதனும் வெள்ளியுமே. எனவே இக்கடப்பு அவ்விரண்டுக்கே உரியது. வெள்ளி 225 நாளில் ஞாயிற்றைச் சுற்றுகிறது. ஆயினும் அதன் பாதை நம் பாதைக்கு மூன்று பாகைக்கு மேல் சாய்ந்திருத்தலால், பெரும்பாலும் ஞாயிற்றுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். நேராகக் கடத்தல் அரிது. கோள்களின் தொலைவு விகிதங்கள் கெப்ளர் காலத்திலேயே தெரிந்திருந்தன. வியாழன் நம்மினும் ஐந்து மடங்குக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது என்பர். ஆனால் அந்த ஒரு மடங்கு எத்துணைக் காதம் என்பது துல்லியமாகத் தெரியவில்லை. உலகின் இரு கோடிகளில் நின்று இக்கடப்பை நோக்கினால் புள்ளியின் தடம் சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்து ஞாயிற்றின் தொலைவைக் கணிக்கலாம். அஃதொன்று கிட்டினால் எல்லாக் கோள்களின் தொலைவும் கிட்டும். இன்று நாம் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர் எனச் சொல்லும் அத்தொலைவை நாடியே அன்று பல நாட்டார் உலகெங்கும் குழுக்களை அனுப்பினர்.

இதனைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்ள வேண்டுமென விரும்பிய ஆசாரியார், முன்கூட்டியே ஒரு சிறுநூல் இயற்றினார். மரபுவழிச் சித்தாந்தி ஒருவர் வினவ வானியலார் விடையிறுக்கும் உரையாடல் முறையில் அது அமைந்தது. ஆங்கிலத்தோடு நில்லாமல் நம் நாட்டு மொழிகளிலும் அதனை வெளியிடச் செய்தார். அவற்றுள் உருதுவும் ஒன்று என்பதை நம் சமுதாயப் பெரியோர் அறிந்து மகிழ்வர் என எண்ணுகிறோம்.

பஞ்சாங்கத்திலும் அவர் வாளாவிருக்கவில்லை. பழைய வாக்கிய முறைக் கணக்கு நாளடைவில் வானத்தோடு பொருந்தாமல் விலகிவிட்டதைக் கண்டு, திருக்கணித முறையை வலியுறுத்தினார். ‘திருக்’ என்பது பார்வை. கண்ட காட்சியோடு ஒத்துவரும் கணக்கே திருக்கணிதம். இரு முறைகளும் இன்றளவும் வழக்கில் உள்ளன. விழா நாள்கள் சில வேறுபடுதலும் உண்டு. இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மேற்கு வானை நோக்கி நிற்கும் நமக்கு இச்சிக்கல் புதிதன்று. பிறையைக் கண்ணாற் கொள்வதோ கணக்காற் கொள்வதோ என்பதை மார்க்க அறிஞர்க்கே விடுகிறோம். கண்ணும் கணக்கும் பகையல்ல என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் அண்டையிலேயே இருந்தார் என்பதை மட்டும் சொல்லத் துணிகிறோம்.

நம் நாட்டவர்க்கென ஒரு வானாய்வு நிலையம் எழ வேண்டும், அதில் இளைஞர்க்குத் தாம் பயிற்சியளிக்க வேண்டும் என்பது அவர் அவா. அது நிறைவேறவில்லை. 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார். 1899இல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்குச் சென்றது. தொலைநோக்கியைத் தாங்கிய பதினைந்தடிக் கருங்கல் தூண் மட்டும், தமிழ், தெலுங்கு முதலிய எழுத்துகளுடன், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கின்றது.