இராமானுஜன் இழந்த உபகாரச் சம்பளம்

எஸ்பிஎம் முடிவுகள் வெளிவந்த பிறகு, தெரிந்த பிள்ளைகள் சிலர் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வருவார்கள். பிடிபிடிஎன் கடன், உபகாரச் சம்பளம் என்று ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவர் விண்ணப்பத்தைத் திறக்கவே தயங்கினார். ஆங்கிலத்தில் கோட்டை விட்டுவிட்டதால் தமக்கு யாரும் உதவ மாட்டார்கள் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். அம்மாவின் வற்புறுத்தலுக்காக மட்டுமே வந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு நான் சொன்னது கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் கதை. அவருடைய கணக்குகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவருக்குக் கிடைத்து, கைநழுவி, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கிடைத்த கல்வி உதவியைப் பற்றித்தான் பேசினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் தவறியது

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில்தான். 1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடமும் கிடைத்தது.

கல்லூரிக்குப் போன பிறகு அவர் கணிதத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மற்ற பாட வேளைகளிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோல்வி. உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடம் நேரில் போய் முறையிட்டுப் பார்த்தார். விதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தவணைக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். சில மாதங்கள் சமாளித்த இராமானுஜன், 1905-இல் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். அப்போது அவருக்கு வயது 17.

இந்த இடத்தில் எனக்கு என் கதையும் நினைவுக்கு வரும். படிக்கும் காலத்தில் எனக்கும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட தேர்ச்சி நிலையைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், படித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் பருவத்தில் பணம் வராதபோதுதான் அந்தப் பக்கத்தைத் தேடினேன். வீட்டில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆகவே, ரயிலேறிய அந்த இளைஞரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது.

குறிப்பேடு திறந்த கதவுகள்

வீடு திரும்பிய இராமானுஜன் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேற முடியவில்லை. மறு ஆண்டு தனித்தேர்வராக எழுதியும் தோல்விதான். பட்டப்படிப்புக்கான வழி அத்துடன் அடைபட்டது. 1909-இல் திருமணமும் நடந்துவிட்டது. கையில் வேலையில்லை. இருந்ததெல்லாம் அவரே கண்டுபிடித்த கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கணிதம் தெரிந்தவர்களைத் தேடிப் போனார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவரிடம் போய் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிய அவர், இந்த இளைஞரை ஓர் அலுவலகத்தில் உட்கார வைக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. முதலில் சந்தேகப்பட்ட அவர், பேசிப் பார்த்த பிறகு மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கத் தொடங்கினார்.

பிறர் தயவில் நெடுநாள் வாழ இராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதையும் ஒளிக்காமல் எழுதினார். பிறகு, தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வந்ததைச் சொன்னார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்தார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

விதி தடுத்தது, விதியே திறந்தது

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது நாம் எல்லாரும் அறிந்த கதை. அதே வேளையில் சென்னையில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிப்ரவரியில், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். இராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். இவர் கவலையின்றிக் கணிதத்தில் மட்டும் ஈடுபடப் பல்கலைக்கழகம் உதவ வேண்டும் என்று அவர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்.

ஒரு சிக்கல் எழுந்தது. ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனோ எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவர். ஆட்சிக் குழுவில் விவாதம் நடந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்று என அதன் சட்ட முகவுரையே சொல்வதை எடுத்துக்காட்டிய பிறகு, உதவித்தொகைக்கு இசைவு கிடைத்தது. 1913 மே 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு காலத்தில் நிபந்தனையைப் பொருட்படுத்தாமல் பணத்தை இழந்தவர், இம்முறை அறிக்கைகளைத் தவறாமல் கொடுத்தார்.

மறு ஆண்டு, அரசின் ஒப்புதலோடு இங்கிலாந்தில் ஆய்வு செய்ய ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். அந்தத் தொகையில் 50 பவுண்டு ஆண்டுதோறும் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போனது. 1916-இல் ஆராய்ச்சியின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

பணம் திரும்பிய திசை

போர்க்கால இங்கிலாந்தில் அவர் உடல்நலம் கெட்டது. நோயாளியாக இருந்த நிலையில், சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்த செய்தி வந்தது. 1919 ஜனவரி 11-ஆம் நாள் பதிவாளருக்கு நன்றி தெரிவித்து எழுதினார். அந்தத் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்றார். பெற்றோருக்கு 50 பவுண்டும் தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை, ஏழை, ஆதரவற்ற மாணவர்களின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மார்ச் மாதம் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-இல் மறைந்தார். வயது 32.

கட்டணம் கட்ட வழியில்லாமல் கல்லூரியை விட்டு ஓடிய பையனை அவர் மறந்திருக்கவில்லை என்றே அந்தக் கடிதத்தைப் பற்றி நான் நினைத்துக்கொள்வேன்.

அன்று என் வீட்டுக்கு வந்த மாணவர் மடிக்கணினியைத் திறந்தார். ஆங்கிலத் தேர்ச்சியை உள்ளபடி பதிந்தார். பள்ளியில் பழுதான மின்விசிறிகளைத் தாமே சரிசெய்து வந்ததை எங்கே எழுதுவது என்று கேட்டார். சான்று தரக்கூடிய ஆசிரியரிடம் மறுநாளே போய்க் கடிதம் வாங்கினார். முதலில் விண்ணப்பித்த உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. பிறகு டிப்ளோமா படிப்புக்கு இடமும் கல்விக் கடனும் கிடைத்தன. ஒப்பந்தத்தை என்னோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்திட்டார். கடனைத் திருப்பிக் கட்டும் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். அவர் திருப்பிக் கட்டும் பணம், நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கட்டணத்துக்கு உதவும்.