நடக்க முடியாத பெண், குதிரைகளுக்காக எழுதிய ஒரே நாவல்... யார் இந்த அன்னா சூவெல்?

வாழ்நாளில் அவர் எழுதியது ஒரே ஒரு நாவல். எழுதி முடிக்க 6 ஆண்டுகள் ஆனது. அதுவும் பெரும்பாலும் படுத்தபடியே எழுதியது. புத்தகம் வெளியாகி 5 மாதங்களில் அவர் இறந்தும் போனார். ஆனா அந்தப் புத்தகம் இன்னைக்கு வரைக்கும் விற்றுக்கொண்டே இருக்கிறது. இதுவரை 5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்கிறது ஒரு மதிப்பீடு.

'பிளாக் பியூட்டி' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அட்டையில் கருப்புக் குதிரை படம், உள்ளே சுருக்கமான கதை. பலருக்கும் அது ஒரு குழந்தைகள் புத்தகம், அவ்ளோதான். ஆனால் எழுதியவர் மனதில் இருந்தது குழந்தைகள் இல்லை. லாயத்தில் வேலை செய்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், குதிரை வளர்ப்பவர்கள். இவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் அன்னா சூவெல் அதை எழுதினார்.

ஏன் அப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

மழையில் ஒரு சறுக்கல்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள கிரேட் யார்மத் ஊரில் 1820 மார்ச் 30 அன்று பிறந்தார் அன்னா. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். எளிமையாக வாழ வேண்டும், எந்த உயிரையும் துன்புறுத்தக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. அப்பா ஐசக் சூவெல் நடத்திய கடை நொடித்துப் போனது. வீட்டில் பணக் கஷ்டம். அதனால் அன்னாவுக்கும் தம்பி பிலிப்புக்கும் அம்மா மேரியே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

12 வயதில்தான் அன்னா முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனார். அந்த சந்தோஷமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 14 வயதில் ஒருநாள் மழைக்குள் வீடு திரும்பும்போது சறுக்கி விழுந்தார். இரண்டு கணுக்கால்களிலும் பலத்த அடி. அந்தக் காயம் கடைசி வரை சரியாகவே இல்லை. சரியான சிகிச்சை கிடைக்காததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதன் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நிற்பதே சிரமம். கொஞ்ச தூரம் நடந்தாலே வலி.

காலாக மாறிய குதிரை

வெளியே போக வேண்டும் என்றால் அவருக்கு ஒரே வழி குதிரை வண்டி. மட்டக்குதிரை பூட்டிய சின்ன வண்டியை அவரே ஓட்டுவார். அப்பாவை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவது, திரும்ப அழைத்து வருவது எல்லாம் அன்னாதான்.

அவர் வண்டி ஓட்டும் விதமே தனி. வாரைத் தளர்வாகப் பிடித்திருப்பார். சாட்டைக்கு வேலையே இருக்காது. கூட இருக்கும் ஆளிடம் பேசுவது மாதிரி குதிரையிடம் பேசிக்கொண்டே போவார். அவரோடு வண்டியில் போனவர்கள் பிறகு இதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

தன்னால் நடக்க முடியாததால், நடக்கும் குதிரையை ஒவ்வொரு அடியிலும் கவனிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது, எந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது, வாயில் இரும்பு எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. வலியோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

'பேரிங் ரெயின்' என்றால் என்ன?

அன்னா காலத்து இங்கிலாந்தில் ரயில் வந்துவிட்டது. ஆனால் நகரத்துத் தெருக்களில் எல்லாமே குதிரைகளை நம்பித்தான் ஓடின. வாடகை வண்டி, சரக்கு வண்டி, பணக்காரர்களின் கோச் வண்டி என எங்கும் குதிரை.

பணக்கார வீடுகளில் ஒரு ஃபேஷன் இருந்தது. வண்டிக் குதிரை தலையை நிமிர்த்தி, கழுத்தை வளைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்க வேண்டும். அதற்காக வாயில் உள்ள கடிவாள இரும்பிலிருந்து ஒரு வாரை இழுத்து, முதுகுச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் 'பேரிங் ரெயின்'. கட்டிவிட்டால் குதிரையால் தலையைக் கீழே இறக்கவே முடியாது.

இதில் என்ன பிரச்னை? பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் ஏறும்போது பாருங்க. மாடு தலையைத் தாழ்த்தி, உடம்பையே முன்னால் சாய்த்துத்தான் இழுக்கும். குதிரையும் அப்படித்தான். தலையைத் தூக்கிக் கட்டிவிட்டால் உடம்பின் எடையைக் கொடுத்து இழுக்க வழியில்லை. முழு பாரமும் முதுகிலும் கால்களிலும் இறங்கும். கழுத்து வலிக்கும், மூச்சு திணறும், வாய் புண்ணாகும். பார்க்கிறவர்களுக்குக் கம்பீரம், குதிரைக்கு நாள் முழுக்க வேதனை.

இதை எதிர்த்து அன்றே சிலர் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் ஃபேஷன் அசையவில்லை.

குதிரையே கதை சொன்னால்?

1867-ல் சூவெல் குடும்பம் நார்விச் அருகே ஓல்ட் காட்டன் கிராமத்துக்கு வந்தது. மனைவியை இழந்து பிள்ளைகளோடு தவித்த பிலிப்புக்கு உதவியாக இருக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1871 வாக்கில் அன்னாவின் உடல்நிலை மோசமானது. வீட்டை விட்டு வெளியே போவதே நின்றுபோனது. அப்போதுதான் எழுத ஆரம்பித்தார்.

முடிந்த நாட்களில் துண்டுத் தாள்களில் பென்சிலால் எழுதுவார். முடியாத நாட்களில் அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவார். மேரி சூவெல் அதற்குள் பெயர் பெற்ற எழுத்தாளர். மகளின் தாள்களை எடுத்துத் தெளிவாகப் பிரதி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அன்னா செய்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. குதிரைக்காக மனிதர் பேசாமல், குதிரையே தன் வாழ்க்கையைச் சொல்வதாக எழுதினார். முதல் பக்கத்தில் குட்டியாக இருக்கும் பிளாக் பியூட்டி, கைமாறிக் கைமாறி, கடைசியில் லண்டன் தெருவில் வாடகை வண்டி இழுத்து விழுகிறது. பேரிங் ரெயின் வாயை எப்படி அறுக்கிறது என்பதைக் குதிரையே சொல்லும்போது, படிப்பவர்களால் அதைக் கடந்து போக முடியவில்லை.

பாசம் மட்டும் போதுமா?

கதையில் ஜோ கிரீன் என்று ஒரு சிறுவன் வருகிறான். லாயத்து வேலைக்குப் புதுசு. குதிரை மேல் கொள்ளைப் பிரியம். ஒருநாள் இரவு டாக்டரை அழைத்துவர ஓடோடி வந்து, உடம்பெல்லாம் கொதிக்க நிற்கிறது பிளாக் பியூட்டி. அதற்குச் சூடாக இருக்கிறதே என்று ஜோ போர்வை போர்த்தவில்லை. குளிர்ந்த தண்ணீரை வாளி நிறையக் கொடுத்து, தீனியும் வைத்துவிட்டு, நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்விடுகிறான். குதிரை காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்புக்கே போகிறது.

அன்னா சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். கொடூர மனம் படைத்தவர்களால் மட்டுமல்ல, விஷயம் தெரியாதவர்களாலும் விலங்குகள் சாகும். பாசம் வேண்டும், கூடவே பராமரிக்கத் தெரியவும் வேண்டும். அதனால்தான் லாயத்தில் காற்றும் வெளிச்சமும் ஏன் தேவை, லாடம் கழன்றால் என்ன ஆகும், குட்டியை அடிக்காமல் எப்படிப் பழக்குவது என்பதெல்லாம் கதைக்குள்ளேயே வருகிறது.

வண்டிக்காரர்களையும் அவர் வில்லனாக்கவில்லை. ஒரு வண்டிக்கும் இரண்டு குதிரைக்கும் தினமும் 18 ஷில்லிங் வாடகை கட்டிவிட்டு, மிச்சத்தில்தான் குடும்பம் நடத்த வேண்டிய ஓட்டுநர் ஒருவர் கதையில் வருகிறார். அவர் குதிரையை விரட்டுகிறார் என்றால், அவரை விரட்டுவது யார்? இந்தக் கேள்வியையும் அன்னா கேட்காமல் விடவில்லை.

அவர் பார்க்காத வெற்றி

நார்விச்சைச் சேர்ந்த ஜாரல்ட் பதிப்பகம் 1877 நவம்பரில் நாவலை வெளியிட்டது. 1878 ஏப்ரல் 25 அன்று, 58 வயதில் அன்னா இறந்தார். புத்தகத்துக்குக் கிடைத்த முதல் வரவேற்பை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது.

இறுதி ஊர்வலம் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. உடலை ஏற்றிச் செல்ல வந்த வண்டியின் குதிரைகளுக்கும் பேரிங் ரெயின் கட்டியிருந்ததாம். அதைப் பார்த்த அம்மா மேரி, முதலில் அதைக் கழற்றச் சொன்னாராம். அதன் பிறகே ஊர்வலம் கிளம்பியது என்கிறார்கள்.

1890-ல் அமெரிக்காவில் விலங்கு நலனுக்காகப் போராடிய ஜார்ஜ் ஏஞ்சல், இந்த நாவலை அச்சடித்து குதிரைக்காரர்களுக்கும் வண்டியோட்டிகளுக்கும் இலவசமாகவே கொடுத்தார். அன்னா யாருக்காக எழுதினாரோ, அவர்கள் கைக்கே புத்தகம் போய்ச் சேர்ந்தது. பேரிங் ரெயினுக்கு எதிரான மனநிலை பரவியதில் இந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. நாளடைவில் அந்த ஃபேஷன் மங்கிப்போனது.

அந்த ஜோ கிரீன் என்ன ஆனான் என்று கேட்கிறீங்களா? தவறை உணர்ந்து, வேலையை முறையாகக் கற்றுக்கொள்கிறான். பல ஆண்டுகள் கழித்து, அடையாளமே தெரியாமல் கிழடு தட்டி நிற்கும் குதிரையின் நெற்றி வெள்ளையைப் பார்த்து, இது நம்ம பிளாக் பியூட்டிதான் என்று முதலில் கண்டுபிடிப்பதும் அவன்தான்.