தேசிக விநாயகம் பிள்ளை

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (ஜூலை 27, 1876 – செப்டம்பர் 26, 1954) இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த தமிழ்க் கவிஞரும் ஆய்வாளரும் ஆவார். குழந்தைப் பாடல்களாலும் ஆசிய ஜோதி முதலிய மொழியாக்கங்களாலும் பரவலாக அறியப்படுகிறார். நாஞ்சில் நாட்டில் வாழ்ந்து ஏட்டுச்சுவடிகளைத் திரட்டியதும், கல்வெட்டுகளை ஆராய்ந்ததும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு உதவியதும் அவரது கவிதைப் புகழால் மறைந்துபோன பணிகள் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

நாகர்கோவிலை அடுத்த தேரூரில் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தமையால் பள்ளியில் மலையாளம் கற்க நேர்ந்தது. தமிழ் இலக்கண இலக்கியங்களை வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் பயின்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றபின் 1901ஆம் ஆண்டு புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார்.

கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் 36 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் குடியேறினார்.

ஏட்டுச்சுவடித் தொகுப்பு

பனை ஓலையில் எழுதப்பட்ட நூல் ஒன்று நிலைத்திருக்க வேண்டுமாயின் பழைய ஓலை சிதையும் முன்னர் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபின் படியெடுக்கும் வழக்கம் அருகியது. புலவர் வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த சுவடிகள் கரையானுக்கும் ஈரத்திற்கும் இரையாயின. இரு பருவமழைகளையும் பெறும் நாஞ்சில் நாட்டில் இந்த இழப்பைத் தடுப்பது மேலும் கடினமாக இருந்தது.

இச்சூழலில் தேசிக விநாயகம் பிள்ளை கம்பராமாயணம், திவாகரம், நவநீதப் பாட்டியல் முதலிய நூல்களின் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்தார். இவற்றுள் கம்பராமாயணம் பல இடங்களில் பாடவேறுபாடுகளைக் கொண்டது. மூலத்தைத் துணிவதற்குப் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிடுதல் இன்றியமையாதது. திவாகரம் பழமையான நிகண்டு; சொற்பொருள் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. நவநீதப் பாட்டியல் சிற்றிலக்கிய வகைகளின் இலக்கணத்தைக் கூறுவது.

தமிழ்ப் பேரகராதிப் பணி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக இருந்தார். 1936இல் முதன்மைத் தொகுதிகளும் 1939இல் பிற்சேர்க்கையும் நிறைவுற்றன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இவ்வகராதிக்கு வட்டார வழக்கும் பழைய ஏடுகளும் அறிந்தோரின் துணை தேவைப்பட்டது. தேசிக விநாயகம் பிள்ளை மதிப்பியல் உதவியாளராக இருந்து இப்பணிக்குத் துணைபுரிந்தார்.

சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணியம் நாடகம் 1922இல் வையாபுரிப் பிள்ளையால் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் மனோன்மணியம் மறுபிறப்பு என்னும் திறனாய்வுக் கட்டுரையை தேசிக விநாயகம் பிள்ளை எழுதினார்.

கல்வெட்டு ஆய்வு

முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாக அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. கலம் என்பது மரக்கலமா, வேறு பொருளுடையதா, சாலை என்பது கல்விக்கூடமா, உணவளிக்கும் அறநிலையமா என்பன குறித்து வரலாற்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்பொருள் பற்றிக் காந்தளூர்ச்சாலை என்ற தனி நூலை இவர் எழுதினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்கு ஏற்படுத்திய சாலை, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது என்பதை கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. ஆகவே இவ்வாய்வு நாஞ்சில் நாட்டின் கல்வி வரலாற்றோடும் தொடர்புடையது.

கவிதைப் பணி

மருமகனுக்கே சொத்து சேரும் முறையால் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மனைவியரும் மக்களும் பட்ட துன்பத்தை அங்கதச் சுவையுடன் கூறுவது நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம். இது 1917-18இல் தமிழன் இதழில் தொடராக வந்து, 1942இல் நூலாயிற்று. இடையில் 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் மூலம் அவ்வுரிமை முறையை மாற்றியமைத்தது. பேச்சுவழக்கும் வீட்டுப் பொருள்களின் பெயர்களும் நிறைந்த இந்நூல் அக்காலச் சமூகத்தின் ஆவணமாகவும் பயன்படுகிறது.

பிற நூல்களுள் சில:

மலரும் மாலையும் (1938)
ஆசிய ஜோதி (1941) – எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது
உமார்கய்யாம் பாடல்கள் (1945)

சிறப்புகளும் மறைவும்

1940 டிசம்பர் 24 அன்று சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை தலைமையில் கவிமணி என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1943இல் அண்ணாமலை அரசர் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்தார்.

1954 செப்டம்பர் 26 அன்று காலமானார். அவர் திரட்டிய ஏடுகளும் ஆராய்ந்த கல்வெட்டுகளும் விளங்கிய நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.