மகிழ்ச்சிச் சங்கம் அமைத்த மாணவன்



பிள்ளை பாடசாலையில் ஏதோ ஒரு சங்கத்திற் சேர்ந்துவிட்டான் என்றால் நம் பெற்றோர் பலருடைய மனம் சஞ்சலப்படுகிறது. நாடகப் பயிற்சி, விளையாட்டு, மாணவர் மன்றம் என்று அவன் மாலையிற் பிந்தி வீடு வந்தால், சோதனை என்னாகும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அந்தக் கவலையை நான் குறைசொல்ல வரவில்லை. வசதியற்ற குடும்பத்துக்குச் சோதனைப் பெறுபேறு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிவேன். ஆயினும், ஊரார் தயவிற் படிக்கப்போன ஓர் ஏழை மாணவனின் கல்லூரி நாட்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவன் உங்களுக்குப் புதியவனல்ல. ஜனவரி 31ஆந் திகதி திருச்சபை திருநாட் கொண்டாடும் புனித தொன் பொஸ்கோதான் அவன். குருவானபின் அவர் செய்த பெரிய வேலைகளைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். கியேரி என்ற சிறு பட்டணத்தில் மாணவனாயிருந்த காலத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

வட இத்தாலியில், தூரின் நகருக்கு அப்பால், பெக்கி என்ற குக்கிராமத்தில் 1815 ஆகஸ்ட் 16இல் ஜோன் பொஸ்கோ பிறந்தான். இரண்டு வயது நிரம்புமுன்னரே தகப்பனார் நியுமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். தாயார் மார்கரீத்தா எழுத வாசிக்கத் தெரியாதவர். வீட்டில் மாமியார், கணவரின் மூத்த தாரத்து மகன் அந்தோனியோ, தாம் பெற்ற ஜோசப், ஜோன் ஆகிய இருவர். இத்தனை பேரையும் அந்த விதவை கமத்தை நம்பிக் காப்பாற்றினார்.

ஜோனுக்குப் படிக்க ஆசை. அவனைவிட ஏழு வயது மூத்தவனான அந்தோனியோவுக்கு அது பிடிக்கவில்லை. தான் மண்வெட்டி பிடிக்க, தம்பி புத்தகம் பிடிப்பதா என்பது அவன் வாதம். சரித்திரம் எழுதுவோர் அந்தோனியோவைக் கொடியவனாகவே காட்டிவிடுகிறார்கள். தகப்பனில்லா வீட்டில் முழுப்பாரமும் தன் தோளில் விழுந்ததைக் கண்ட இளைஞன் அவன்; நம் கிராமங்களிலும் அத்தகைய தமையன்மார் இல்லாமலில்லை. எப்படியோ சண்டை முற்றியது. 1828ஆம் ஆண்டு பெப்ரவரிக் குளிரில், பன்னிரண்டரை வயதான ஜோனைத் தாயார் துணிமூட்டையோடு வீட்டைவிட்டு அனுப்பவேண்டியதாயிற்று. மோலியா குடும்பத்தாரின் கமத்தில் அவன் ஏறக்குறைய இரண்டு வருடம் வேலைக்காரப் பையனாயிருந்தான்.

திரும்பி வந்தபின் கலோசோ என்ற வயோதிபக் குரு அவனைக் கண்டார். கேட்ட பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொன்ன அவனது ஞாபகசக்தியைப் பார்த்து வியந்து, இலத்தீன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஓராண்டளவில், 1830 நவம்பரில் அவர் திடீரென நோயுற்றார். பேச முடியாத நிலையில், தமது பணப் பெட்டியின் திறப்பை ஜோனின் கையிற் கொடுத்துச் சைகை காட்டினார். பணம் அவனுக்கென்றே பொருள்படும். ஆனால் உறவினர் வந்து கேட்டபோது, பதினைந்து வயதுப் பையன் ஒரு சொல்லும் சொல்லாமல் திறப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டான். படிப்புக்கிருந்த ஒரே வழியும் அத்தோடு அடைபட்டது.

இதற்குப்பின் குடும்பச் சொத்துப் பிரிக்கப்பட்டு, அந்தோனியோ வேறாய்ப் போனான். ஜோன் கஸ்தெல்நுவோவோ ஊர்ப் பாடசாலைக்குப் போனான். அங்கே ஒரு தையற்காரர் வீட்டில் தங்கித் தையல் பழகினான். கொல்லர் பட்டறையிலும் வேலை கற்றான். பின்னர் அயல்வீடுகளில் ஏறி இறங்கி உதவி கேட்டு, 1831 நவம்பரில் கியேரிப் பட்டணத்துக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான்.

வயது பதினாறு. சேர்த்ததோ ஆகக் கீழ் வகுப்பில். சின்னஞ்சிறு பிள்ளைகள் நடுவே உயரமாக வளர்ந்த ஒரு கிராமத்துப் பையன் உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முதலாவதாய் வந்து அடுத்த வகுப்புக்கும், மேலும் இரண்டு மாதத்தில் அதற்கு மேல் வகுப்புக்கும் ஏற்றப்பட்டான். ஒருநாள் பாடப் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான். ஆசிரியர் எழுப்பி வாசிக்கச் சொல்ல, இலக்கணப் புத்தகத்தைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு, கேட்ட பாடத்தை நினைவிலிருந்தே வாசித்து விளக்கமும் சொன்னான். மாணவர்கள் கைதட்டிய பிறகுதான் ஆசிரியருக்கு விஷயம் விளங்கிற்று.

இருக்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் உழைக்கவேண்டியிருந்தது. முதலில், தங்கிய வீட்டுக்கார அம்மாளின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். பின்னர் ஒரு கோப்பிக் கடையில் வேலை. பலகாரம் சுடும் போறணைக்கு மேலே, படிக்கட்டின் கீழிருந்த ஒடுங்கிய இடந்தான் படுக்கை. பகலில் கல்லூரி, மற்ற வேளையில் கோப்பி ஊற்றுதல், பலகாரம் செய்தல், பில்லியட்ஸ் மேசையில் புள்ளி குறித்தல். புத்தகக் கடையில் நூலுக்கொரு சிறு காசு கொடுத்து இரவல் எடுத்த நூல்களை இரவிரவாக வாசித்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்நாளில் அப்பகுதி சார்தீனிய அரசுக்குட்பட்டது. அரச கட்டளைப்படி கல்லூரி மாணவர் அனைவரும் ஞாயிறு வழிபாட்டுக்கு வரவேண்டும். மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்ததற்குச் சீட்டுக் காட்டவேண்டும். சீட்டில்லாவிட்டால் சோதனை எழுத முடியாது. ஒரு குருவாக நான் இதைச் சொல்லவேண்டும்: சீட்டுக்காகச் செய்யும் பாவசங்கீர்த்தனம் எத்தகையதாயிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்த அதே மாணவரிற் சிலர் மாலையிற் சூதாடினார்கள், வீட்டிற் களவெடுத்தார்கள். புதிதாய் வந்த ஜோனையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

அவன் போகவில்லை. போதிக்கவும் முற்படவில்லை. அவர்கள் வீட்டுப்பாடத்தில் திண்டாடுவதைக் கண்டு, தான் எழுதியதைப் பார்த்தெழுதக் கொடுத்தான்! ஆசிரியர் அதைக் கண்டித்து, சோம்பேறிகளை வளர்க்கிறாய் என்று தடுத்துவிட்டார். அதன்பின் எழுதிக் கொடுப்பதை விட்டு, விளங்காததை விளங்கவைக்கத் தொடங்கினான். பாடத்துக்காக வந்தவர்கள் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் தங்கினார்கள். இப்படிக் கூடிய கூட்டத்துக்கு 1832இல் மகிழ்ச்சிச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவனுக்கு ஒவ்வாத பேச்சும் செயலும் கூடாது, படிப்புக் கடமையையும் வேதக் கடமையையும் சரிவரச் செய்யவேண்டும், எப்போதும் மகிழ்ச்சியாயிருக்கவேண்டும். சங்கத்தின் யாப்பு இவ்வளவுதான். பொறுப்பாசிரியர் கிடையாது. சந்தாப் பணமும் கிடையாது.

வாரநாட்களில் யாராவது ஒருவர் வீட்டிற் கூடி நல்ல காரியங்களைப் பேசினார்கள். ஞாயிறுகளில் யேசுசபைக் குருக்களின் கோவிலுக்கு ஞானோபதேசம் கேட்கப் போனார்கள். விடுமுறை நாட்களில் மலைப்பக்கம் நடந்து காளான் பொறுக்கினார்கள். தூரின் நகர்வரை நடந்துபோய் அதிசயங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜோன் செப்படி வித்தையும் கயிற்றில் நடப்பதும் நன்கு பழகியவன். சங்கத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை.

அந்த வித்தைகளால் ஒருமுறை ஆபத்தும் வந்தது. பணம் மறைவதையும் பண்டம் மாறுவதையும் கண்டு பயந்த வீட்டுக்காரர், பையனுக்குப் பிசாசோடு தொடர்பிருக்குமோ என்று முறையிட, புர்சியோ என்ற மூத்த குரு அவனை அழைத்து விசாரித்தார். ஜோன் பணிவோடு மணி என்ன என்று கேட்டான். குரு சட்டைப்பையிற் கைவிட்டார், மணிக்கூட்டைக் காணவில்லை. பணப்பையையும் காணவில்லை. அவர் கோபங்கொண்டபோது, மேசையிலிருந்த விளக்கு மூடியை ஜோன் தூக்கிக் காட்டினான். இரண்டும் அதன் கீழிருந்தன. அவர் அவற்றை வைத்ததைக் கவனித்து, கண்மூடித் திறக்குமுன் மூடிவிட்டிருந்தான். குருவானவர் விழுந்து விழுந்து சிரித்து அவனை அனுப்பிவைத்தார்.

இன்னொரு சம்பவம் கியேரிப் பட்டணம் முழுவதும் பேசப்பட்டது. ஊருக்கு வந்த வித்தைக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை காட்ட, சங்கத்துப் பையன்கள் கோவிலைவிட்டு அங்கே நழுவத் தொடங்கினர். ஜோன் அவனைப் போட்டிக்கு அழைத்தான். ஓட்டத்துக்கு இருபது லீரா பந்தயம். பையன்கள் காசு சேர்த்துக் கட்டினார்கள். ஜோன் வென்றான். வாய்க்காலைத் தாண்டும் போட்டிக்கு நாற்பது. அக்கரையில் மதிற்கட்டு, அதற்கு மிஞ்சிப் பாய முடியாது. ஜோன் கட்டில் கையூன்றி அதற்கும் அப்பாற் போய் விழுந்தான். கோலை விரல்நுனியில் நிறுத்தும் வித்தைக்கு எண்பது. கடைசியாக மரமேறும் போட்டிக்கு நூறு. வித்தைக்காரன் இனி ஏறினாற் கிளை முறியும் என்னும் உயரம்வரை போய் இறங்கினான். அதே உயரத்துக்கு ஏறிய ஜோன், அங்கே தலைகீழாக நின்று கால்களை மேலே நீட்டினான். 240 லீராவும் பறிபோன மனிதன் வாடி நின்றான். பிழைப்புக்கு வித்தை காட்டுபவன் அல்லவா? ஒருநேரச் சாப்பாடு வாங்கித் தந்தாற் போதும் என்று பையன்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு 25 லீரா செலவாக, மிகுதி 215 லீராவோடு, இனிப் போட்டிக்கு நிற்பதில்லை என்று சொல்லிக்கொண்டு அவன் போனான்.

பந்தயம் கட்டியது சரியா என்று கேட்பீர்கள். நானும் அதை முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். ஜோனுக்கு வெற்றியில் ஆசையுண்டு, கோபமுமுண்டு. அதைத் தணிக்க ஒரு நண்பன் வரவேண்டியிருந்தது. லுயிஜி கொமொல்லோ என்ற மெலிந்த மாணவன் ஒருநாள் வகுப்பில் வம்புக்காரரிடம் கன்னத்தில் அடிவாங்கி, அடித்தவனை மன்னிப்பதாக அமைதியாகச் சொன்னான். பிறிதொரு நாள் அவன்மேல் மீண்டும் கைவைத்தபோது, ஜோன் ஒருவனைத் தூக்கி அவனையே தடியாக்கி மற்றவர்களை அடித்துச் சாய்த்தான். நன்றி சொல்வதற்குப் பதிலாகக் கொமொல்லோ அவனைக் கடிந்துகொண்டான்; தேவன் பலத்தைக் கொடுத்தது தோழர்களைக் கொல்வதற்கா என்று கேட்டான். அந்நாள் முதல் ஜோன் அவனிடம் மாணாக்கனானான். இருவரும் பின்னர் குருமடத்திலும் கூடியிருந்தனர். 1839இல் கொமொல்லோ அங்கே இறந்தான். தொன் பொஸ்கோ எழுதி வெளியிட்ட முதல் நூல், 1844இல் வந்த கொமொல்லோவின் சரித்திரமே.

ஜோன் 1835இல் குருமடம் புகுந்து, 1841 ஜூன் 5இல் தூரினில் குருவானார். அவ்வருடம் டிசம்பர் 8ஆந் திகதி, அமலோற்பவத் திருநாளன்று, கோவிற் பணியாளர் ஒருவர் ஓர் ஏழைக் கட்டட வேலைப் பையனை அடித்துத் துரத்துவதைக் கண்டு, அவனைத் திருப்பியழைத்துப் பேசினார். அந்தப் பையனோடு தொடங்கிய கூட்டம் நூற்றுக்கணக்காய்ப் பெருகி, இடமின்றி அலைந்து, 1846ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று வல்தொக்கோவில் ஒரு தாழ்வான கொட்டகையிற் குடியேறிற்று. தாயார் மார்கரீத்தாவும் வந்து அந்தப் பையன்களுக்குச் சமைத்தும் துணி தைத்தும் கொடுத்தார். அச்சகம், சப்பாத்துத் தைக்கும் தொழிற்கூடம், வகுப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாய் எழுந்தன. கூடவே வாத்தியக் குழு, நாடகம், உலாவச் செல்லுதல், மாணவர் பக்திச் சங்கங்கள். கியேரியில் நடந்தது இங்கே பெரிய அளவில் நடந்தது என்பதைக் கவனிப்பீர்கள்.

1854 ஒக்டோபரில் பன்னிரண்டு வயதுடைய தோமினிக் சாவியோ அங்கு வந்தான். அர்ச்சியசிஷ்டனாக வேண்டும் என்ற ஆவலில் அவன் விளையாட்டை விட்டு, முகம் வாடித் தனியே ஒதுங்கத் தொடங்கினான். தொன் பொஸ்கோ அதைத் தடுத்து, மகிழ்ச்சியாயிருக்கவும், படிப்பையும் செபத்தையும் தவறாது செய்யவும், தோழருக்கு நன்மை செய்யவும் சொன்னார். மகிழ்ச்சிச் சங்கத்தின் யாப்பையே ஏறக்குறைய அந்தச் சிறுவனுக்கும் கொடுத்தார். 1856 ஜூனில் தோமினிக் தோழரைச் சேர்த்து அமலோற்பவ மாதா சங்கத்தை அமைத்தான். அடுத்த ஆண்டு மார்ச் 9ஆந் திகதி, பதினைந்து வயது நிரம்புமுன் இறந்தான். 1954இல் திருச்சபை அவனைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது.

அந்தச் சங்கத்தில் இருந்தவர்களுள் மிக்கேல் ருவா, ஜோன் கலியேரோ என்ற இளைஞர்களும் அடங்குவர். 1859 டிசம்பர் 18ஆந் திகதி இரவு தொன் பொஸ்கோவின் அறையிற் பதினெட்டுப் பேர் கூடிச் சலேசியர் சபையை ஆரம்பித்தபோது இவ்விருவரும் அங்கிருந்தனர். கலியேரோ 1875இல் முதல் மிஷனரிகளை அழைத்துக்கொண்டு ஆர்ஜென்தீனாவுக்குக் கப்பலேறினார். 1888 ஜனவரி 31ஆந் திகதி தொன் பொஸ்கோ இறந்தபின் சபையைப் பொறுப்பேற்றவர் ருவா.

1870களில், அறுபதை நெருங்கும் வயதில், கடனும் கட்டட வேலையும் மிஷன் ஆயத்தமும் நெருக்கிய நாட்களில், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் கட்டளைப்படி அவர் தமது நினைவுகளை எழுதினார். தம் சபையாருக்கென்று மட்டும் எழுதியது. 1946 வரை அச்சேறவில்லை. அதில் கியேரிக் கல்லூரிக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார். வித்தைக்காரனிடம் வென்ற பந்தயத் தொகையையும், சாப்பாட்டுக்கான செலவையும் லீராக் கணக்காகக் குறித்துவைத்திருக்கிறார்.