கண்ணொளி தந்த கைகள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

விரல்கள் கோணி முடங்கிய ஒருவர் கண் அறுவை செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் நம் மதுரையில் வாழ்ந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள்.

இவர் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், உழவர் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மகப்பேறு மருத்துவராகும் கனவு கலைந்தது. ஆனால் அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்று, தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்வித்துப் பழகினார். அந்தக் கைகளே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தன! 1973இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகள் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் தரும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளித்தார். கண்புரை நீக்கியபின் பொருத்தும் உள்விழி வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்தது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கவே, விலை பன்மடங்கு குறைந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் பாட்டிமார் பலர் இன்று வில்லை பொருத்திய கண்களோடு ஊசியில் நூல் கோக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அப்பெருந்தகை மறைந்தார்.

இன்று கண்ணாடி அணியும் நாங்கள் ஆவலுடன் பேசுவது மீவேக லேசரைப் பற்றித்தான். ஒரு விநாடியைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காக்கினால் வரும் பெம்டோ விநாடிக் கணக்கில் அதன் ஒளித்துடிப்புகள் பாய்கின்றன. சுற்றிலும் சூடு பரவுவதற்குள், கருவிழிப் படலத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி, கத்தியின்றியே மெல்லிய ஏட்டைப் பிரிக்கின்றன. பிறகு வேறொரு லேசர் கருவிழியின் வளைவைத் திருத்துகிறது. இத்தகைய துடிப்புகளுக்கு வழிவகுத்த முறையை 1985இல் அளித்த ஜெரார் மூரூவும் டோனா ஸ்டிரிக்லாந்து அம்மையாரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் இச்சிகிச்சைக்கு ஆகும் செலவு எளியோர்க்கு எட்டாக் கனியாகவே உள்ளது. அன்று வில்லையும் அப்படித்தானே இருந்தது? தோழியரே, ஒளி எத்துணை விரைவாய்ப் பாய்ந்தாலும் ஏழையின் கண்ணைச் சேர்ந்தால்தான் அது முழுப்பயன் தரும். அதைச் சேர்ப்பிக்கும் கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்!