முதலில் ஆள், பிறகு கருவி: விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்

ராமநாதபுரம் ஜில்லாவில் அன்றிருந்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டுக் கல்கத்தா சென்றார். 1923 முதல் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி பழகினார். 1928-இல் ராமன் விளைவு வெளிப்பட்டபோது உடனிருந்து சோதனைகளைச் செய்தவர் இவரே. டாக்கா, மறுபடியும் கல்கத்தா, அலகாபாத் என்று ஊர் ஊராக உத்தியோகம் பார்த்தார். 1947-இல் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டரானார்.

நாட்டின் மீட்டருக்கும் கிலோவுக்கும் மூல அளவைக் காப்பது அந்த ஆய்வுக்கூடம். அளவு பிசகினால் விஞ்ஞானமே பிசகும் என்பது அங்கே பாலபாடம்.

1952-இல் சிட்னி நகரில் நடந்த ரேடியோ விஞ்ஞான மாநாட்டுக்குக் கிருஷ்ணன் சென்றார். வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கலையில் ஆஸ்திரேலியர் முன்னேறியிருப்பதைக் கண்டார். இது இந்தியாவிலும் வேரூன்ற வேண்டும் என்று விரும்பினார். ஆனால் கருவி வாங்க அவர் அவசரப்படவில்லை. முதலில் ஆளைத் தயார் செய்தார். 1953-இல் தம் ஆய்வுக்கூடத்து இளைஞர் கோவிந்த் ஸ்வரூப்பைக் கொழும்புத் திட்டத்தின் கீழ் அங்கே அனுப்பினார். கொடைக்கானல் வானாய்வுக்கூடத்து ஆர். பார்த்தசாரதியும் அங்கே சேர்ந்துகொண்டார்.

ஜோசப் பாஸி என்ற மேதையின் குழுவில் இருவருக்கும் பயிற்சி. சூரியனைப் பார்க்க வரிசையாக நிறுத்திய 32 கிண்ண ஆன்டெனாக்களை 60 சென்டிமீட்டர் அலைக்கு மாற்றி அமைத்தார்கள். 32 கிண்ணங்களின் சைகைகளும் கம்பி வழியே ஓரிடத்துக்கு ஒரே கணக்கில் வந்து சேர வேண்டும். தேர் வடம் பிடிப்பவர்கள் ஒரே வீச்சில் இழுத்தால்தானே தேர் நகரும்! அதற்காகக் கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்து சரி செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலை. அதுவே சிறந்த படிப்பாயிற்று.

அந்த 32 கிண்ணங்களையும் இந்தியாவுக்கு அன்பளிப்பாகத் தர ஆஸ்திரேலியர் இசைந்தனர். ஸ்வரூப் 1955-இல் திரும்பினார். கிண்ணங்கள் வரத் தாமதமாயிற்று. அவர் மறு வருஷமே அமெரிக்கா போனார். 1961-இல் அங்கே சகா ஒருவருடன் சேர்ந்து, கம்பியில் சைகையை அனுப்பித் திரும்ப வாங்கி அளவைச் சரிபார்க்கும் முறையை வெளியிட்டார். பெரிய ஆன்டெனா வரிசைகளுக்கு அது கைகொடுத்தது.

அதே வருஷம் ஜூன் 14-ஆம் தேதி டில்லியில் கிருஷ்ணன் காலமானார். தாம் ஊன்றிய விதை முளைத்ததை அவர் காணவில்லை. 1963-இல் ஸ்வரூப் தாயகம் திரும்பி, பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1965-இல் பக்கத்து ஊரான கல்யாணில் அதே 32 கிண்ணங்கள் சூரியனை நோக்கின. 1970-இல் உதகமண்டலத்து மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

கருவி தாமதித்து வந்தது. கிருஷ்ணன் அனுப்பிய ஆளோ தயாராக இருந்தார்.