பிளாட்டினத்தைத் தவிர்த்த பொறியாளர்

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 11 விண்கலத்தில் கருவிகள் இயங்குவதற்கான மின்சாரமும், வீரர்கள் அருந்துவதற்கான நீரும் ஒரே ஊற்றிலிருந்து கிடைத்தன. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்காமலேயே இணைத்து மின்சாரம் தரும் மூன்று எரிபொருள் மின்கலங்களே அந்த ஊற்று. அவற்றின் மூல வடிவத்தை உருவாக்கியவர் விண்வெளி அறிவியலாளர் அல்லர். மலிவான உலோகமான நிக்கலை நம்பித் தம் வாழ்நாளைச் செலவிட்ட பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

எரிபொருள் மின்கலம் என்பது புதிய எண்ணமன்று. வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டிலேயே அதன் தத்துவத்தைக் கண்டறிந்துவிட்டார். ஆனால், அவர் மின்முனைகளாகப் பயன்படுத்தியது பிளாட்டினம். தான் தீராமல் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகளில் தலைசிறந்தது அது; விலையிலும் அப்படித்தான். குரோவுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எரிபொருள் மின்கலம் ஆய்வுக்கூட விந்தையாகவே தேங்கிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1904-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர் பேக்கன். தத்துவமேதை பிரான்சிஸ் பேக்கனின் குடும்ப வழியில் வந்தவர். கேம்பிரிட்ஜில் இயந்திரவியல் பயின்றபின், 1925-இல் நியூகாசிலில் நீராவிச் சுழலிகளைத் தயாரித்துவந்த பார்சன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1932-இல் பொறியியல் இதழொன்றில் வந்த கட்டுரைகள் அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பின. தேவை குறைந்த நேரங்களில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமிக்கலாம் என்றன அவை. அந்த ஹைட்ரஜனை எரிப்பதைவிட நேரடியாக மீண்டும் மின்சாரமாக மாற்றினால் என்ன என்று பேக்கன் சிந்தித்தார். பசுமை ஹைட்ரஜன் பற்றி இன்று உலகம் பேசும் கனவின் பாதியை அவர் அன்றே கண்டுவிட்டார்.

அவருடைய தொடக்கச் சோதனைகளும் பிளாட்டின வலையோடும் கந்தக அமிலத்தோடும்தான் நடந்தன. விரைவிலேயே அந்தப் பாதையைக் கைவிட்டார். அமிலத்தில் மலிவான உலோகங்கள் கரைந்துவிடும். காரத்தில் நிக்கல் தாக்குப்பிடிக்கும். எனவே, அமிலத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தேர்ந்தெடுத்தார். சாதாரண வெப்பத்தில் நிக்கல் மந்தமாகவே செயல்படும் என்பதால், வெப்பத்தை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்தினார். அந்த வெப்பத்தில் கரைசல் கொதித்துவிடாதிருக்க, அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினார். சிறந்த உலோகத்தைத் தேடி அலையாமல், எளிய உலோகம் சிறப்பாக உழைக்கும் சூழலை அமைத்ததுதான் அவருடைய தனித்தன்மை.

பணியிடத்தில் தாமாகவே இச்சோதனைகளை நடத்தியது நிர்வாகத்துக்குத் தெரியவந்தபோது, ஆய்வா, வேலையா என்ற நிலை உருவானது. பேக்கன் ஆய்வைத் தேர்ந்தெடுத்தார். 1940-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போர் அவரை நீர்மூழ்கி எதிர்ப்பு ஆய்வுக்கு இழுத்துக்கொண்டது. போர் முடிந்த பிறகு, 1946-இல் கேம்பிரிட்ஜில் மீண்டும் தொடங்கினார்.

இரண்டு இடர்கள் அவரை வாட்டின. வாயு, திரவம், உலோகம் மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் வினை நிகழும்; துளைகளில் கரைசல் நிரம்பிவிட்டால் வாயுவுக்கு வழியில்லை. வாயுப் பக்கம் பெரிய துளைகளும், கரைசல் பக்கம் நுண்துளைகளும் கொண்ட இரண்டு அடுக்கு நிக்கல் மின்முனைகளால் இதற்குத் தீர்வு கண்டார். அடுத்தது, ஆக்சிஜன் பக்கத்து நிக்கல் அரிக்கப்பட்டது. லித்தியம் கலந்த நிக்கல் ஆக்சைடுப் படலத்தை முன்கூட்டியே அதன்மீது உருவாக்கினார். அந்தப் படலம் உலோகத்தைக் காத்தது, மின்சாரத்தையும் கடத்தியது.

1954-இல் லண்டன் கண்காட்சியொன்றில் ஆறு கலன்கள் கொண்ட அடுக்கைக் காட்சிக்கு வைத்தார். தொழில் துறையினர் எவரும் ஆர்வம் காட்டவில்லை, நிதியும் நின்றுபோனது. பிறகு அரசு சார்ந்த தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் கைகொடுத்தது. 1959-இல் நாற்பது கலன்கள் இணைந்து ஏறத்தாழ 5 கிலோவாட் மின்சாரம் தந்தன. சுமை தூக்கும் வண்டியும், வட்ட ரம்பமும், பற்றவைப்புக் கருவியும் அதில் இயங்கின. கட்டுரையைப் படித்த நாளிலிருந்து கணக்கிட்டால் 27 ஆண்டுகள்!

அந்தக் காப்புரிமைகளைப் பெற்ற அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், அழுத்தத்தைக் குறைத்தும் காரத்தின் செறிவைக் கூட்டியும் அப்பல்லோவுக்கான மின்கலத்தை வடிவமைத்தது. நிலவிலிருந்து திரும்பிய வீரர்கள் லண்டன் வந்தபோது, தாங்கள் கையொப்பமிட்ட நிலவுப் படத்தைப் பேக்கனுக்கு வழங்கினர். 1973-இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பிளாட்டினத்தில் தொடங்கிய குரோவின் பெயரால் அமைந்த பதக்கத்தை முதலில் பெற்றவரும் அவர்தான். 1992-ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

ஆயினும், அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு காரக் கரைசலைக் கெடுத்துவிடும். தூய ஆக்சிஜனைச் சுமந்துசென்ற விண்கலத்துக்கு அது பொருட்டல்ல. சாலையில் ஓடும் வாகனத்துக்கு அது பெருந்தடை. எனவேதான், இன்றைய எரிபொருள் மின்கல வாகனங்கள் அமிலத் தன்மையுள்ள சவ்வை நாடின. அமிலத்தோடு பிளாட்டினமும் திரும்பி வந்தது. அந்த உலோகமோ பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா என்னும் ஒரே நாட்டின் சுரங்கங்களிலிருந்து வருகிறது.

இதற்கு மாற்றாக, கரியிலும் நைட்ரஜனிலும் பொதிந்த இரும்பு அணுக்களை வினையூக்கியாக்க ஆய்வாளர்கள் முயல்கின்றனர். தொடக்கத்தில் அவை நன்றாகவே செயல்படுகின்றன. நீடித்து உழைப்பதில்தான் பிளாட்டினத்துக்கு ஈடாகவில்லை. வேறு சிலர் காரத் தன்மையுள்ள சவ்வுகளை உருவாக்கி, நிக்கலுக்கு மீண்டும் இடமளிக்க முனைகின்றனர். அது பேக்கன் நடந்த பாதை.

உடனடிப் பலனை எதிர்பார்த்து ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் அவருடைய வாழ்வை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். 1954-இல் எவரும் பொருட்படுத்தாத கருவியின் வழித்தோன்றல்தான், பதினைந்தே ஆண்டுகளில் மனிதனை நிலவுக்கு அழைத்துச்சென்ற கலத்தில் விளக்கேற்றியது. மலிவான வினையூக்கி என்பது மலிவாகக் கிடைத்துவிடுவதில்லை. அதற்கான விலை பொறுமை.